புதுக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறதா? எந்த நேரத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி வெகுநாளாயிற்று. சுற்றுத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். இங்கே என் வீட்டு முன்கூடத்தில் மாலை வேளைகளில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். பழசாகிப் படுத்துவிட்ட பெட்டிகள் வந்தால் எனக்குப் பெரிதாக வருத்தமில்லை, உழைத்து ஓய்ந்தவை அவை. மனசைப் பிசைவது புதுப் பெட்டிகள்தான். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்காகக் கூட்டுப் பணம் எடுத்து வாங்கியிருப்பார்கள். பத்து நாள்கூட ஆகியிருக்காது.

தென்னமரம் தோட்டப் பக்கமிருந்து ஓர் அம்மா அப்படித்தான் வந்தார். "தம்பி, புதுச் சாமான்தானே, ஏன் இப்படிச் செத்துச் செத்துப் பொழைக்குது?" என்றார். கூட வந்த மகன், "அண்ணே, ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்னு பசங்க சொன்னாங்க, ரெண்டு தடவ பண்ணிட்டேன்" என்றான். அந்தப் பெட்டியில் கெட்டிருந்தது ஒரு ரேம் (தற்காலிக நினைவகத் துண்டு). இருபது தடவை ஃபார்மட் செய்திருந்தாலும் அது சரியாகியிருக்காது. மாற்றித் தருவதாகக் கடை ரசீதில் எழுதியிருந்த நாள்களில் பாதி அதற்குள் வீணாய்ப் போயிருந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். புதுக் கம்ப்யூட்டர் நின்றுபோனால் விண்டோஸில் கை வைக்காதீர்கள். முதலில் ஒரு தாளை எடுங்கள். எத்தனை மணிக்கு நின்றது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, திரை நீலமானதா, கறுத்ததா, அப்படியே உறைந்ததா, விசிறி சுற்றியதா என்று எழுதுங்கள். நாலைந்து வரி சேர்ந்தாலே பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தத் தாள் பிறகு கடைக்காரரிடமும் பேசும்.

இன்னொரு வேலையும் உண்டு. விண்டோஸ் விழும்போது பிழையின் பெயரோடு வருவது நீலத்திரை (புதிய விண்டோஸ் 11-இல் அது கறுப்பாக வரும்). அது வந்தவுடன் விண்டோஸ் தானாகத் திரும்பத் தொடங்கிவிடும், எழுத்தைப் படிக்க முடியாது. கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அதில் அட்வான்ஸ்டு, அதற்குள் ஸ்டார்ட்அப் அண்டு ரிகவரி என்ற பகுதிக்குப் போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரே உள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

பிளக்கைப் பிடுங்கியதுபோல் பட்டென்று அணைகிறது

நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. ஒரு நொடி முன்புவரை ஓடியது, இப்போது இருட்டு. இப்படி இருந்தால் கரண்டைச் சந்தேகிக்க வேண்டும்.

விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவெண்ட் வியூவரைத் திறந்தால் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பில் எழுதியிருக்கும். பலர் அதைப் பார்த்துவிட்டு, "பவர் சப்ளை போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போன முறை முறையாக அணைக்கப்படவில்லை என்பதுதான் அந்த வரிக்குப் பொருள். காரணத்தை அது சொல்வதில்லை. வீட்டில் கரண்டு போனாலும் அதே 41 வரும், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் வரும்.

செலவே இல்லாத சோதனை, கம்ப்யூட்டரை வேறு வீட்டுக்குத் தூக்கிப்போவது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். ஏறத்தாழ 216 முதல் 253 வரை ஏறி இறங்க விதி இடம் தருகிறது. நல்ல பவர் சப்ளை அதற்கும் கீழே தாங்கும். ஆனால் பழைய லயத்து வீடுகளில் ஒரே பிளக் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் போட்டு, அந்த எக்ஸ்டென்ஷனில் இன்னோர் எக்ஸ்டென்ஷன் மாட்டி, குளிர்ப்பெட்டி, சோற்றுப் பானை, கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. சோற்றுப் பானையைத் தட்டும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைகிறது என்றால் பழுது பெட்டிக்குள் இல்லை. சுவரில் நேராகச் செருகி இரண்டு நாள் பாருங்கள். தாமான் (புதுக் குடியிருப்பு) வீட்டிலுள்ள உறவினரிடம் ஒரு வாரம் வைத்து ஓட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அங்கே ஒருமுறைகூட நிற்காவிட்டால் வீட்டு வயரைத்தான் பார்க்க வேண்டும்.

கேஸைத் தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்று ஏறுகிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, தொடுகிற பிள்ளைக்கும் ஆபத்து. மூன்று முள் பிளக்கின் நீளமான முள் எர்த்துக்குப் போகிறது, அதை வெட்டி இரண்டு முள்ளாக்கி மாட்டவே கூடாது. உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்துச் சரிசெய்த பிறகு கம்ப்யூட்டரைப் பற்றி யோசிக்கலாம். தெருக் கம்பத்திலிருந்து வரும் கரண்டே தள்ளாடினால் மின்சாரக் கம்பெனியான தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வேறு வீட்டிலும் பட்டென்று அணைந்தால் பழுது பெட்டிக்குள்தான். கேஸைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்று கடையில் முதலில் கேளுங்கள். திறக்கலாம் என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள். பிராசசருக்குப் பக்கத்தில் செருகும் 8 முள் வயர், மதர்போர்டின் 24 முள் வயர், கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் வயர். லோரியில் குலுங்கி வந்த பெட்டியில் இவற்றில் ஒன்று அரைகுறையாக நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சாதாரண வேலைக்கு ஓடும், கேம் தொடங்கிக் கரண்டு அதிகமாய் இழுக்கும்போது அணையும். வயரை மாற்ற நேர்ந்தால் ஒரு கம்பெனி பவர் சப்ளையின் வயரை வேறு கம்பெனியுடையதில் செருகாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே வோல்ட் இடம் மாறியிருக்கலாம். அப்படிச் செருகினால், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி எரிந்துவிடலாம்.

அரைமணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு நிற்கிறது

சூடு. மதியம் தகரக் கூரைக்குக் கீழே அதிகம் நின்று, மழை பெய்த இரவில் நிற்காமல் ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, வேலை ஓடும்போது பிராசசர் சூட்டைப் பாருங்கள். இன்டெல் பிராசசர்களில் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி, ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. ரைசன் 7000 கடும் வேலையில் 95-ஐத் தொடுவதே ஒரு பழுதல்ல, அது அப்படி ஓடும்படிதான் செய்யப்பட்டது. ஆனால் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கும்போது 80, 90 காட்டினால் பிராசசரைக் குளிர்விக்கும் கூலர் சரியாக உட்காரவில்லை.

கூலரின் அடித்தட்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி வரும், அதை உரிக்காமல் பொருத்தியிருப்பார்கள். புதுப் பெட்டிகளில் இது நடக்கிறது. அதோடு, கேஸைச் சுவர் மூலையில் ஒட்டி வைக்காதீர்கள். பின்பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள்.

நீலத்திரை வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு எழுத்து

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. என்னிடம் வந்த புதுப் பெட்டிகளில் அதிகமானவை இந்த வகைதான்.

திங்கட்கிழமை 'மெமரி மேனேஜ்மென்ட்', செவ்வாய்க்கிழமை 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்', புதன்கிழமை 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா'. இடையில் பிரவுசர் மட்டும் தானாக மூடும், இறக்கிய ஜிப் கோப்பு திறக்காது, விண்டோஸ் போடும்போதே பாதியில் பிழை காட்டும். இப்படி ஊர் ஊராய் அலையும் பழுதுக்கு அநேகமாக வேர் ரேமில் இருக்கும். எந்த மென்பொருள் அந்த நேரத்தில் ரேமின் கெட்ட இடத்தில் உட்காருகிறதோ அது விழுகிறது. அதனால்தான் எழுத்து மாறிக்கொண்டே இருக்கிறது.

முதல் வேலை, பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். பெட்டியில் 6000 என்று அச்சடித்த டிடிஆர்5 (DDR5) வகை ரேம், இந்த அமைப்பு இல்லாவிட்டால் பெரும்பாலும் 4800-இல் ஓடும். 6000 என்பது ரேம் கம்பெனி சோதித்துச் சொன்ன வேகம். உங்கள் பிராசசரும் மதர்போர்டும் அதைத் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கடையில் வேகமாய்க் காட்ட இதை இயக்கிவிட்டே அனுப்புகிறார்கள். அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். நீலத்திரை நின்றுவிட்டால் பயோஸைப் புதுப்பித்து மறுபடி இயக்கிப் பார்க்கலாம், அல்லது 5600-க்குக் குறைக்கலாம். வகுப்புப் பாடம் எழுதவும் நிரல் எழுதவும் வாங்கிய கம்ப்யூட்டரில் அந்த வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நிற்காமல் ஓடுவதுதான் முக்கியம். ஆனால் 6000 என்று காசு வாங்கிவிட்டு அதில் ஓடாததைக் கொடுத்திருந்தால் கடையில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அணைத்த பிறகும் விழுகிறதா? மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும். ரேம் பெரிதாக இருந்தால் பல மணி நேரம் பிடிக்கும். காலையில் பார்க்கும்போது பிழை எண்ணிக்கை சுழியமாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தாலும் கெட்டதுதான். "ஒண்ணுதானே, பரவால்ல" என்று கடைக்காரர் சொன்னால் ஏற்காதீர்கள். சிவப்புத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் துண்டு கெட்டது என்று காண, ஒரு ரேமை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றிச் சோதியுங்கள், பிறகு மாற்றிச் சோதியுங்கள். இரண்டும் தனித்தனியே தேறி, சேர்ந்தால் மட்டும் விழுந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, இடம் தவறு. நாலு ரேம் குழி உள்ள மதர்போர்டில் இரண்டு ரேம் போட்டால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது குழியில் போட வேண்டும். கையேட்டில் படம் இருக்கும். மற்றது, ஜோடி தவறு. ஒரு மாணவனின் பெட்டியில் ஒரே கம்பெனிப் பெயருள்ள இரண்டு ரேம் இருந்தது. கழற்றிப் பார்த்தால் லேபிளில் எண் வேறு, உள்ளே சில்லு வேறு. ஜோடியாய் விற்றதைப் பிரித்து வேறொன்றோடு சேர்த்திருக்கிறார்கள். ஒரே பாக்கெட்டில் வந்த ஜோடியைக் கடையில் வாங்கி மாட்டியதும் அவன் பெட்டி படிப்பு முடியும்வரை நிற்கவில்லை.

டிடிஆர்5 பற்றி ஒரு சொல். முதன்முறை இயக்கும்போதும், ரேமைக் கழற்றி மாட்டிய பிறகும் திரை கறுப்பாகவே சில நிமிடம் இருக்கும். மதர்போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. செத்துவிட்டது என்று பயந்து பட்டனை அழுத்தாதீர்கள். பத்து நிமிடம் பொறுங்கள்.

நீலத்திரை வருகிறது, ஒவ்வொரு முறையும் ஒரே எழுத்து

இது நல்ல செய்தி. பழுது ஓரிடத்தில் நிற்கிறது.

'வீடியோ டிடிஆர் (TDR) ஃபெயிலியர்' என்றால் கிராஃபிக்ஸ் பக்கம். 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்றால் பெரும்பாலும் எஸ்எஸ்டி பக்கம். 'டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்' என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவரோ (உறுப்புகளை இயக்கும் மென்பொருள்) எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரோ பழசு. நீலத்திரையின் அடியில் கோப்பின் பெயர் ஒன்று தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வைஃபை டிரைவர், ஒலி டிரைவர் எது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். டிரைவரை மதர்போர்டு அல்லது மடிக்கணினி செய்த கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'உங்கள் டிரைவர்களை எல்லாம் புதுப்பித்துத் தருகிறோம்' என்று வரும் இலவச மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

'டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எரர்' வந்தால் மென்பொருளை விட்டுவிடலாம். பிராசசரோ மதர்போர்டோ மின்னழுத்தமோ, ஏதோ ஒரு வன்பொருள் தானே முன்வந்து 'என்னால் முடியவில்லை' என்று சொல்கிறது. பயோஸைப் புதுப்பித்து, எல்லாவற்றையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புங்கள். அப்புறமும் வந்தால் கடைக்குத்தான்.

கேம் அல்லது வீடியோ வேலையில் மட்டும் விழுகிறது

திரை கறுத்தும் பாட்டு ஓடுகிறதா? விண்டோஸ் சாவி, கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நாலையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திரை திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, தடுமாறுவது கிராஃபிக்ஸ். டிடியூ (DDU) என்ற மென்பொருளால் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கி, புதிதாக ஒன்றைப் போடுங்கள். திரை வயரைக் கிராஃபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்கிறீர்களா, மதர்போர்டிலா என்றும் பாருங்கள்.

பிராசசர் இன்டெல் 13-ஆம் அல்லது 14-ஆம் தலைமுறையா? அப்படியானால் இதைக் கட்டாயம் படியுங்கள். இந்தத் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்கள் பலவற்றில் மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறி, நாளடைவில் சில்லையே கெடுத்ததை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டது. கேம் தொடங்கும்போது 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று வரும். கிராஃபிக்ஸ் கார்டில் நினைவகம் தாராளமாக இருக்கும்போதே வரும். ஆட்கள் கார்டை மாற்றிச் செலவு செய்வார்கள், பழுது பிராசசரில் இருக்கும். 2024 ஆகஸ்டில் 129, செப்டம்பரில் 12பி என்ற எண்ணுள்ள திருத்தங்கள் பயோஸ் வழியாக வந்தன. அவை இனிமேல் கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்டதைத் திருப்பாது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு கூட்டியிருக்கிறார்கள். கடையில் வெகுநாள் கிடந்த மதர்போர்டோடு வந்த 'புதுப்' பெட்டியில் பழைய பயோஸ் இருக்கும். வாங்கிய அன்றே புதுப்பியுங்கள்.

அப்படியே உறைந்துவிடுகிறது

கேப்ஸ் லாக் சாவியைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால் உள்ளே இன்னும் மூச்சிருக்கிறது, ஐந்து நிமிடம் காத்திருங்கள். கோப்பு திறக்கும்போதும் சேமிக்கும்போதும் உறைந்து, பிறகு தானாக விடுபட்டால் எஸ்எஸ்டி. எஸ்எஸ்டியின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 'குட்' என்று இல்லாமல் வேறெதைக் காட்டினாலும் பிள்ளையின் பாடக் கோப்புகளை அன்றே பென்டிரைவுக்கு மாற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மூடிவைத்துத் திறக்கும்போது மட்டும் உறைந்தால் மதர்போர்டின் சிப்செட் டிரைவரைப் புதுப்பியுங்கள். பல சமயம் அதோடு தீரும்.

இடிமழைக்குப் பிறகு தொடங்கியது

சிலாங்கூரில் இடி விழாத மாதமே இல்லை. கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கியவர்களும் இணைய மோடத்திலிருந்து வரும் வயரை மறந்துவிடுகிறார்கள். அந்த வழியாகவும் மின்னல் மதர்போர்டுக்குள் இறங்கும். இரண்டையும் பிடுங்குங்கள். மின்னல் தாக்கியதை உத்தரவாதம் பொதுவாக ஏற்காது என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கடைக்குப் போகும்போது

ரசீது, நேரம் எழுதிய தாள், நீலத்திரைப் படங்கள், மெம்டெஸ்ட் படம். இவற்றோடு போனால் "வைரஸா இருக்கும், வச்சிட்டுப் போங்க" என்ற பேச்சு நடக்காது. ஒரு குடும்பத்தை மூன்று முறை அப்படித் திருப்பி அனுப்பிய கடையை எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் ஃபார்மட் செய்து கொடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போனது. நான்காம் முறை படங்களோடு போனார்கள். அன்றே மாற்றிக் கொடுத்தார்கள்.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் ஒட்டியிருந்தாலும் இந்த உரிமை போகாது. கடை நியாயமான காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டி மனு போடலாம். 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். வக்கீல் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும்.

மாற்றிக் கொடுத்த பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிள்ளையின் கோப்புகளை உடனே ஏற்றாதீர்கள். அன்றிரவே மெம்டெஸ்டில் போடுங்கள், மறுநாள் ஒரு மணி நேரம் கடும் வேலை கொடுத்துச் சூட்டைப் பாருங்கள், சுவரில் நேராகச் செருகியே ஓட்டுங்கள். அந்தத் தாளை மட்டும் இன்னும் ஒரு மாதம் மேசையிலேயே வைத்திருங்கள்.